பின்வரிசைக்காரர்

ஒஸ்லோவின் வெஸ்ட்லி ரயிலில் எவ்வளவு இடம் கிடந்தாலும் சோதிலிங்கம் உட்கார மாட்டார். கடைசிக் கதவோரம் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்று, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் கண்ணால் அளந்தபடியே வருவார். தன் முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “இறங்கிற சனத்தை விடாமல் வாசலை அடைச்சுக்கொண்டு நிக்குதுகள்,” என்று உரக்கவே திட்டுவார். தமிழ் யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிவு. ஒருநாள் அது விளங்கிவிட்ட ஒரு தமிழ் அம்மா அவரை முறைத்துவிட்டு ஸ்டோவ்னர் நிலையத்தில் இறங்கிப் போனார். அதற்கும் வீடு வரை கோபம்தான்.

வயது முப்பத்தொன்பது. குள்ளம், தடித்த கழுத்து, முழுதாக மடங்காத இடது முழங்கால். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு ஓடியவர். அங்கே ஒரு நிலக்கரி ஊரின் உதைபந்தாட்டக் கழகத்துக்காக நாலாம் பிரிவில் எட்டுப் பருவங்கள் ஆடினார். விடிய பேக்கரியில் மாப்பிசைவார், பின்னேரம் நடுப் பின்வரிசையில் நின்று ஆறடி வெள்ளையர்களை மறிப்பார். முழங்கால் போனபின் அங்கேயே பயிற்றுநர் சான்றிதழ் எடுத்தார், ஜேர்மன் கடவுச்சீட்டும் எடுத்தார். கிருசாந்தியைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்து ஒன்பது வருடம். ஒரு பள்ளிக்கூடத்தில் பூட்டு, குழாய், கதவுப்பிடி எல்லாம் பழுதுபார்க்கிற வேலை. எங்கள் சனம் வைத்த பெயர் ஜேர்மன் சோதி.

பிறந்தநாள் விழாக்களில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: “ஜேர்மனியிலை விளையாடினனீராம். எத்தினை கோல் அடிச்சனீர்?” எட்டு வருடத்தில் அவர் போட்ட கோல் ஒன்றே ஒன்று, அதுவும் சொந்த வலைக்குள். அதை அவர் ஒளிப்பதில்லை. கேள்விதான் அவரைக் கொதிக்க வைக்கும். “அடிச்சதைத்தான் கேக்கிறாங்கள். மறிச்சதை ஒருத்தனும் கேக்கிறானில்லை,” என்று பாதி கடித்த ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழும்பிவிடுவார். கேக் வெட்டுமுன்னே அவர் பின்னால் கிருசாந்தியும் எத்தனையோ வீடுகளிலிருந்து இப்படிப் புறப்பட்டிருக்கிறார்.

இப்போது அவர் பழக்குவது பெண்களை. இங்குள்ள தமிழர் விளையாட்டுக் கழகத்தில் முதலில் ஆண்கள் அணியைத்தான் கொடுத்தார்கள். பதினொருவரும் முன்னுக்கு ஓடுகிறார்கள், பின்னுக்கு ஒரு மனுசனில்லை என்று ஒரே மாதத்தில் சீறிவிட்டு வந்துவிட்டார். பெண் பிள்ளைகள் சொன்ன இடத்தில் நிற்கிறார்கள். “பந்தைப் பாராதை பிள்ளை, வாறவளின்ரை இடுப்பைப் பார், எந்தப் பக்கம் திரும்புவாளெண்டு அது சொல்லும்,” என்பார். மாமா என்று கூப்பிட்டால் “மாமா வீட்டிலை. இஞ்சை ட்ரேனர்.” இரண்டு பேர் ஒட்டி நின்றுவிட்டால் “அப்ஷ்டாண்ட்!” என்று ஜேர்மனில் அலறுவார். இடைவெளி விட்டு நில் என்று அர்த்தம். பிள்ளைகள் அதைப் பழித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் மார்ச் மாதத்துக் குளிரில் மைதானத்துப் பனியை அவரோடு சேர்ந்து வழித்துத் தள்ளியவர்களும் அவர்கள்தான்.

போன வருடம், தமிழர் விளையாட்டு விழாவில், பெண்களுக்கென்று ஒரு ஆட்டம் அறிவித்தார்கள். நேரம் போதவில்லை என்று கடைசியில் கைவிட்டார்கள். வெளிக்கிட்டு வந்த பிள்ளைகள் காலணியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். விளையாட விடாத இடத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்று தகப்பன்மார் ஒவ்வொருவராகப் பின்வாங்க, இருபத்தொரு பேரில் மிஞ்சியது பதின்மூன்று. அணித்தலைவி அஜந்தாவின் தாய் விமலாதேவி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “இந்த முறையும் விளையாட விடாமல் பேய்க்காட்டினால் நான் பிள்ளையை அனுப்பமாட்டன். சொல்லிப்போட்டன்.” அஜந்தா போனால் மற்றவர்களும் போவார்கள். அதோடு அணி முடிந்தது. சோதிலிங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

இந்த ஆகஸ்டில், 2007ஆம் ஆண்டு விழாவில், வெளியூர்த் தமிழ்ப் பெண்கள் அணியோடு ஆட்டம் நாலு மணிக்கு என்று அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். மைதானம் ஆறு மணி வரைதான். ஆறு அடித்ததும் நோர்வேக்காரர் ஒருவர் சாவியோடு வந்து நிற்பார், அவரோடு கெஞ்சிப் பலனில்லை. நாலு மணிக்கு ஆண்களின் அரையிறுதி இழுபட்டது. நாலரைக்கு அவர்களின் இறுதியாட்டம். ஐந்தே காலுக்குப் பிரதம விருந்தினர் வந்து இறங்க, நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பிள்ளைகள் மூன்று தரம் உடம்பைச் சூடாக்கி மூன்று தரமும் ஆறிப்போனார்கள்.

“ட்ரேனர், எங்கட ஆட்டம் இண்டைக்கும் இல்லையோ?” அஜந்தா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அவர் விழாச் செயலாளர் சபாரத்தினத்தை மேடையோரம் மறித்துப் பிடித்தார்.

“எப்ப விடப்போறியள்?”

“கொஞ்சம் பொறும் சோதி. விருந்தினர் இப்பதானே வந்தவர். பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கடைசியிலை ஒரு பத்து நிமிசம் காணுந்தானே?”

“பத்து நிமிசம் விளையாடவோ அதுகள் பனி வழிச்சது?”

“ஐயோ, கத்தாதையும், சனம் பாக்குது. கோட்டோரம் ஓஃப்சைட்டுக்குக் கொடி பிடிச்ச பெடியள் ரெண்டுபேரும் கொடியளையும் கொண்டு போயிட்டாங்கள். கொடியில்லாமல் நான் எப்பிடி ஆட்டம் நடத்திறது? நீரே சொல்லும்.”

சோதிலிங்கத்தின் கழுத்து சிவந்து தடித்தது. சபாரத்தினத்தின் மார்பில் குத்தியிருந்த ரிப்பன் பூவைப் பிய்த்தெறிய வேண்டும் போலிருந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்த சபாரத்தினம் பயந்துதான் போனார். பயந்தவர் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அது வராது. ஒருவர் கோபப்பட்டால் அவரை மேடைக்கு ஏற்றுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

“பெண்கள் உதைபந்தாட்டத்தின் முன்னோடி, ஜேர்மனி தேசத்திலே தமிழன் புகழ் நாட்டிய பயிற்றுநர் திரு சோதிலிங்கம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!”

ஆட்டத்தை அறிவிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, காலை இழுத்து இழுத்து அவசரமாக ஏறினார். ஏறியதும் விருந்தினர் அவர் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டினார்கள். சபாரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பளபளக்கும் உறைக்குள் போட்ட வாழ்த்துப்பாவை வாசிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு பாட்டு. மூன்றாவது முடிந்தபோது மேடைக் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தாறு.

தன் பெயரைச் சொல்லியே தன் பிள்ளைகளின் நேரத்தை விழுங்குகிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே பதின்மூன்று பேரும் கோட்டோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமலாதேவி புறப்படுவதற்காக மகளின் பையைத் தன் தோளில் மாட்டிவிட்டார்.

நாலாவது பாட்டு நடந்துகொண்டிருக்கவே சோதிலிங்கம் படியிறங்கினார். “சோதி, முடியேல்லை, சோதி!” என்று ஒலிபெருக்கி மைதானமெங்கும் கூவியது. அவர் திரும்பவில்லை. நேரே விமலாதேவியும் கிருசாந்தியும் நின்ற இடத்துக்கு வந்து, பொன்னாடையை உருவி, சரிகைக் கரையைப் பல்லால் கடித்து, நெடுகக் கிழித்தார்.

“இதுதான் கொடி. எதிராள் முந்தினால் உயர்த்துங்கோ அக்கா,” என்று ஒரு பாதியை விமலாதேவியின் கையில் திணித்தார். மற்றப் பாதியை மனைவியிடம் நீட்டி, எதிர்ப்பக்கக் கோட்டைக் காட்டினார்.