முகூர்த்தத்துக்கு ஏறின விமானம்

எங்க அண்ணன் என் படத்தைக் கோயில் நோட்டீஸ்ல போட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

பாடாங் செராய் பக்கத்துல எங்க தோட்டத்துக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது. அண்ணன்தான் கோயில் தலைவர். கலசத்துல தண்ணி ஊத்துற நேரத்துல மேல கருடன் வட்டம் போடுதான்னு நம்ம சனங்க அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அண்ணனுக்குக் கருடன் போதலை. தம்பி விமானத்துல வந்து பூ தூவுவான்னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் கொடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் அனுமதி பாரத்தைக் கொண்டாந்து என்கிட்ட கையெழுத்துக் கேட்டாரு. நானும் போட்டுத் தொலைச்சேன்.

நான் கூலிம்ல ஒரு தொழிற்சாலையில மெஷின் பழுது பார்க்கிறவன். ஞாயித்துக்கிழமைன்னா அலோர் ஸ்டார் போய், நாங்க நாலு பேர் சேர்ந்து வச்சிருக்கிற ரெண்டு சீட்டு விமானத்தை ஓட்டுவேன். ஆசைக்கு ஓட்டுற லைசென்ஸ்தான். தரை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் பறக்கலாம். மேகத்துக்குள்ள போக எனக்கு அனுமதியும் கிடையாது, பழக்கமும் கிடையாது. அதனால எனக்குன்னு ஒரு வரையறை வச்சிருந்தேன். மேகம் ஆயிரத்து ஐநூறு அடிக்குக் கீழ இறங்கியிருந்தா விமானத்தை வெளியவே எடுக்கிறதில்லை. பத்து வருஷமா மீறினதில்லை. பறக்காம திரும்பி வந்த நாள்ல எனக்கு என்ன போச்சு? ஒரு காலைப்பொழுது. அவ்வளவுதான்.

முகூர்த்தம் ஒன்பதரையிலேர்ந்து பத்தேகால். முந்தின நாள் விடிய விடிய மழை. காலையில எட்டு மணிக்கு மேகம் ஆயிரம் அடியில தொங்குது. மத்தியானம் விலகிடும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா குருக்கள் குறிச்ச நேரத்தை மத்தியானத்துக்குத் தள்ளவா முடியும்? அண்ணனுக்குப் போன் போட்டு, வேணாம்ணேன்னு சொன்னேன்.

"ஊரே வந்து நிக்குது தம்பி. மைக்ல சொல்லியாச்சு. என்னத்துக்கு இப்படிப் பயந்து சாகிற? அம்மன் பார்த்துக்குவா லா."

பயம்னு சொன்னாரு பாருங்க, அது சுருக்குன்னு தைச்சுது. பூ தூவுறதுக்குப் பக்கத்து சீட்ல உட்கார வேண்டியவ என் மக. அப்ப அவளுக்கு இருபத்திரெண்டு வயசு. ரெண்டு பை நிறைய பூவை வச்சுக்கிட்டு அவளும் கேட்டுக்கிட்டுதான் நின்னா. அவ முன்னால பயந்தாங்கொள்ளியா நிக்க எனக்கு மனசில்லை. ஏறும்மான்னு சொல்லிட்டேன்.

ஜெராய் மலைப் பக்கம் போகப் போக மேகம் இன்னும் இறங்கிச்சு. அப்பவாவது திரும்பித் தொலைச்சிருக்கணும். இன்னும் பதினஞ்சு நிமிஷம்தானேன்னு போனேன். சுத்தி எல்லாம் வெள்ளையாயிடுச்சு. நேராப் போறோம்னு உடம்பு சொல்லுது. வலது பக்கம் சாஞ்சிருக்கோம்னு கருவி காட்டுது. கருவியைத்தான் நம்பணும்னு படிச்சவன் நான், ஆனா உடம்பை நம்பினேன். திடீர்னு ஒரு இடைவெளியில செம்பனை மரங்க தெரிஞ்சுது. எங்களுக்குக் கீழ இல்லை, என் மக ஜன்னலுக்கு நேரா, கை நீட்டினா தொடலாம் போல. எப்படி நிமித்தினேன்னு எனக்கே தெரியாது. வந்த வழியே திரும்பி, அலோர் ஸ்டார்ல கொண்டாந்து இறக்கினேன்.

"ஏம்ப்பா திரும்பிட்டோம்?"னு கேட்டா. முகூர்த்தம் தாண்டிடும்மா, அதான்னு சொன்னேன். நல்லா ஜாலியா இருந்துச்சுன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு வாய் வரலை.

சாயங்காலம் அண்ணன் வந்தாரு. வாசல்ல நின்னபடியே, மானத்தை வாங்கிட்டியேன்னு கத்தினாரு. பத்திரமா வந்து சேர்ந்தீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலை. அன்னைக்கோட எங்க பேச்சு அத்துப் போச்சு. லூனாஸ்ல ஒரு கல்யாணத்துல எதிர்ல வந்து உட்கார்ந்தாரு, நான் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துட்டேன். போற இடமெல்லாம் அவரைத்தான் கிழிப்பேன். கேக்காம நோட்டீஸ் அடிச்சாரு, தன் பெருமைக்கு என்னை ஆட்டி வச்சாருன்னு சொல்லிச் சொல்லி என் மனைவிக்கே சலிச்சுப் போச்சு. மேகத்துக்குள்ள நடந்ததை மட்டும் யார்கிட்டயும் வாய் திறக்கலை.

ரெண்டு வருஷத்துல என் மகளும் லைசென்ஸ் எடுத்துட்டா. போன மாசம் ஒரு காலையில, அலோர் ஸ்டார்லேர்ந்து எங்க விமானத்துல தன் தோழியை ஏத்திக்கிட்டு லங்காவித் தீவுக்குக் கிளம்பினா. நான் வெளிய போய் வானத்தைப் பார்த்துட்டு வந்தேன்.

"வேணாம்மா. மேகம் ஆயிரம் அடிதான் இருக்கு."

"அன்னைக்கும் ஆயிரம்தானேப்பா? என்னைக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. ஒண்ணும் ஆகலையே லா."

அந்தத் தோழி முன்னாலயே எல்லாத்தையும் சொன்னேன். முகூர்த்தத்துக்காகத் திரும்பலைன்னு சொன்னேன். அந்த மேகத்துக்குள்ள எது மேல, எது கீழன்னு எனக்குத் தெரியலை, இன்னும் ரெண்டு நிமிஷம் அந்த மரம் கண்ணுல படாம இருந்திருந்தா உன்னை நானே கொன்னிருப்பேன்னு சொன்னேன்.

அவ விமானச் சாவியை மேசையில வச்சா.

"இதை ஏம்ப்பா இத்தனை நாளா சொல்லலை?"

"உன் பெரியப்பாவைத் திட்டிக்கிட்டு இருந்தேன்"னு சொன்னேன்.