கடல் உறையாத இரண்டு வருஷம்

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு துபாய் சத்வாவில் ஒரு சின்னத் திரைச்சீலைக் கடை இருந்தது. மதியச் சோறு கொண்டுபோகும் நாட்களில், அங்கிருந்த பழைய தட்டச்சுப் பொறியில் வாடிக்கையாளர்களுக்கான கடிதங்களை நான்தான் அடித்துக் கொடுப்பேன். கீழக்கரையில் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமாகி துபாய் வந்தபிறகு அந்தப் படிப்புக்கு அவ்வளவுதான் வேலை.

ஒருநாள் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா வெயிலை மறைக்க இருப்பதிலேயே கனமான துணி கேட்டு வந்தார். துணியைப் பார்த்ததைவிட, தட்டச்சுப் பொறியில் ஓடிய என் விரல்களைத்தான் அதிகம் பார்த்தார். போகும்போது, தன் வீட்டில் கொஞ்ச நாள் தட்டச்சு வேலை இருக்கிறது, செய்ய முடியுமா என்று என்னிடமே கேட்டார். என்னுடையதைப் போலவே தட்டுத் தடுமாறும் ஆங்கிலம். அதனாலேயே எனக்குப் பயம் வரவில்லை. கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்; அவரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

அந்த அம்மாவின் ஊர் பின்லாந்து, அங்கே கடலோரத்தில் சின்னச் சின்னத் தீவுகள் நிறைந்த ஓர் இடம். கணவர் எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியர். அந்த அம்மாவின் அப்பாவும் தாத்தாவும் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குத் தீவுகளுக்கிடையே வழிகாட்டும் பைலட்டுகள். வருஷா வருஷம் கடல் எந்தத் தேதியில் உறைந்தது, எப்போது ஆள் நடக்கும் அளவுக்குக் கெட்டியானது, வசந்தத்தில் எப்போது உடைந்து போனது என்று இருவரும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அப்பா இறந்ததும் அவற்றை ஒரு பெட்டியில் போட்டு இந்த அம்மா துபாய்க்குக் கொண்டுவந்துவிட்டார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அங்குள்ள வானிலை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவருக்கோ கண் சரியில்லை.

அவர் வீட்டில்தான் கம்ப்யூட்டரை முதன்முதலாகத் தொட்டேன். கட்டம் கட்டமாக இருந்த திரையில் தேதிகளை நிரப்புவதுதான் வேலை. கடல் உறையும் என்பதை நான் முதலில் நம்பவே இல்லை. எங்கள் ஊர்க் கடல் அப்படியா? வெளியே வெயிலில் கார்க் கதவைத் தொட்டால் கை சுடும். உள்ளே ஏசி இரைச்சலில், யாரோ ஒருவர் கம்பளிக் கையுறையைக் கழற்றி எழுதிய தேதிகளை நான் அடித்துக்கொண்டிருந்தேன். பனிக்கட்டிக்கு அவர்கள் மொழியில் "யா" என்பார்களாம். நோட்டில் அந்தச் சொல்லை அடையாளம் கண்டுகொள்ளப் பழகினேன்.

அடிக்க அடிக்க ஒன்று புரிந்தது. தாத்தாவின் நோட்டில் கிறிஸ்துமஸுக்கு முன்பே உறைந்த கடல், அப்பாவின் கடைசி நோட்டுகளில் ஜனவரி தாண்டியும் உறையவில்லை. உடையும் தேதியோ முன்னால் முன்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். ஆனால் மொத்தத்தில் போக்கு ஒரே பக்கம்தான்.

இது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அந்த அம்மா ஜன்னல் ஏசியைப் பார்த்தார், சுவரில் இருந்த கணவரின் கப்பல் படத்தைப் பார்த்தார். உலகம் சூடாகிறது, எண்ணெயும் கரியும் எரிப்பதால் என்கிறார்கள், அந்த எண்ணெயில்தான் எங்கள் சாப்பாடும் என்றார். எங்கள் சாப்பாடும் அதில்தான் என்று நான் சொன்னேன். பிறகு நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

கடைசி நோட்டில் இரண்டு குளிர்காலங்களுக்குத் தேதியே இல்லை. மற்றதெல்லாம் எழுதியிருந்தது: காற்று, வந்த கப்பல், பறவைகள். உறைந்த தேதி மட்டும் வெறுமை. வயதானவர், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். திரையில் அந்தக் காலிக் கட்டங்கள் எனக்கு உறுத்தின. முன்னும் பின்னும் இருந்த வருஷங்களைப் பார்த்து, நடுவில் வரக்கூடிய தேதியாகப் போட்டு நிரப்பிவிட்டேன். வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தி.

அச்சடித்த தாள்களைக் கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னேன்: "உங்க அப்பா மறந்துபோன இடத்தையும் நானே நிரப்பிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நோட்டைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"அப்பா மறக்கலை," என்றார். "அந்த ரெண்டு வருஷமும் கடல் உறையவே இல்லை."

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னார். அந்தக் குளிர்காலங்களில் அப்பா தினமும் காலையில் பனியைக் குத்திப் பார்க்கும் கழியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போவாராம். திரும்பி வந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இங்கிருந்து இவர் போன் செய்து கடலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம். எழுத ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை. அந்த வெற்று இடம்தான் அந்த நோட்டிலேயே முக்கியமான செய்தி. அதை நான் அழித்துவிட்டிருந்தேன்.

என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியாமச் செஞ்சது புள்ள," என்றார். "ஆனா நீ ஒளிஞ்சுக்கிட்டா அது தெரிஞ்சே செஞ்சதா ஆயிடும். வா, நான் கூட வாறேன்."

கடையைப் பூட்டிவிட்டு வாசல்வரை வந்தார். மணியை அடித்துவிட்டு என்னை முன்னால் நிறுத்தித் தான் தள்ளி நின்றுகொண்டார். கதவைத் திறந்த அந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும், உள்ளே வா, காபி சூடாக இருக்கிறது என்றார்.

நான் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு சில இடங்களிலும் புரியாத கையெழுத்தை நானாக ஊகித்து அடித்திருந்தேன். எவை என்று குறித்து வைக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, அப்படியானால் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்ப்போம் என்றார். வேறொரு ஆளைத் தேடுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றுவரை அந்த ஒரு விஷயத்தை நினைத்தால் என் நெஞ்சு நிறைந்துவிடும்.

பூதக்கண்ணாடியை வைத்து அவர் நோட்டைப் படிப்பார்; நான் திரையில் சரிபார்ப்பேன். எண்களை அவர் தன் மொழியிலேயே சொல்லிவிடுவார். யுக்ஸி, கக்ஸி, கோல்மே என்று நானும் எண்ணக் கற்றுக்கொண்டேன். அவர் என்னிடம் ஒன்று, இரண்டு, மூன்று கற்றார். மூன்றில் நாக்குச் சுருண்டு இருவரும் சிரிப்போம். புரியாத இடம் வந்தால் "தெளிவில்லை" என்று குறித்தோம். அந்த இரண்டு குளிர்காலங்கள் வந்த அன்று அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நானே அந்தத் தேதிகளை அழித்தேன். அவர் என் தோளில் கை வைத்து, அப்படியே விடு என்றார்.

தாள்கள் தபாலில் போயின. கூடவே வைத்த கடிதத்தில், நகல் எடுத்துச் சரிபார்த்தது நான் என்று என் பெயரைப் போட்டிருந்தார். அவரே எனக்கு ஒரு நற்சான்றும் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டி ஒரு கிளினிக்கில் பதிவேட்டு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பிறகு என் பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த அம்மாவும் கணவரும் ஊருக்குத் திரும்பிய அடுத்த குளிர்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ: கம்பளித் தொப்பியோடு அந்த அம்மா கடலின் மேல் நிற்கிறார். "இந்த வருஷம் யா வந்தது. அப்பாவின் நோட்டில் நான் தேதி எழுதினேன்" என்று பின்னால் எழுதியிருந்தார். மச்சான் அதைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார். அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு, எங்கோ ஒரு தூர தேசத்தில் கடல் உறைந்ததற்காக இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த வருஷக் கடிதத்தில் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் எழுதியிருந்தார். கடலைப் பற்றி ஒன்றுமில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதி, அவருக்குப் பிடித்த ஏலக்காய் ஒரு பொட்டலம் சேர்த்து அனுப்பினேன்.