எழுத்து போட்டுப் பார்த்த படங்கள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் படத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. லிஃப்டில் கூடாது, காரிலும் கூடாது. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில், மலேசியாவில் மாமாக் கடை என்று சொல்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தே தாரேக் டீ நுரையோடு மேசைக்கு வந்த பிறகுதான் பேச்சு. சட்டம் போட்டவன் என் மகன். காரணம் நான். ஒருமுறை லிஃப்டில் நின்றுகொண்டு, "கடைசியில அவன்தான் சாவான்னு பாதியிலேயே தெரிஞ்சு போச்சு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அடுத்த காட்சிக்கு வந்திருந்த ஒரு குடும்பம் மொத்தமும் என்னை முறைத்தது. சின்னப் பிள்ளைகூட முறைத்தது.

என்ன செய்வது, படம் பார்ப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் எனக்கு ருசி. அதில் எனக்கு ஒரு பெயரும் இருந்தது. கோயிலில் பார்க்கிற பெண்களும், பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவளும் "அக்கா, படம் எப்படி?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். என் வீட்டுக்காரரின் தங்கை சுங்கை பூலோவில் இருக்கிறாள். நான் சரி சொல்லாமல் அவள் டிக்கெட் வாங்க மாட்டாள். நானும் மழுப்ப மாட்டேன். அண்ணன் தம்பி சொத்துச் சண்டைப் படமா, முதல் பாதி சரி, அப்புறம் பேசித் தீர்க்க வேண்டியதை விட்டுவிட்டு ஆளாளுக்குக் கத்தியைத் தூக்கிவிட்டார்கள், போங்கடா என்று ஆகிவிட்டது. பேய்ப் படமா, பேய் நன்றாக நடித்திருந்தது, மனுஷர்கள்தான் சரியில்லை. இப்படித்தான் சொல்வேன். நாத்தனார் போனில் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பிறகு காது மக்கர் பண்ண ஆரம்பித்தது.

ஒரேயடியாகப் போய்விடவில்லை. சத்தம் கேட்கும், சொல்தான் கேட்காது. தியேட்டரில் வெடி கேட்கும், மேளம் கேட்கும், வில்லன் கத்துவது கேட்கும். கதாநாயகி அழுதுகொண்டே மெதுவாக ஏதாவது சொன்னால் எனக்கு அது வெறும் முணுமுணுப்பு. முதலில் தியேட்டர்காரனைத் திட்டினேன். அப்புறம் இந்தக் காலத்து நடிகர்கள் வாயைத் திறந்தே பேசுவதில்லை என்று திட்டினேன். வீட்டில் குக்கர் விசில் அடித்து அடித்து அடங்கிய பிறகு மருமகள் ஓடிவந்து அடுப்பை அணைத்த அன்றுதான் எனக்கே உறைத்தது. நான் குக்கருக்குப் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் சொந்தத்தில் காது கேட்காத மாமா ஒருவர் இருந்தார். கல்யாண வீடுகளில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். போகப் போக அவரிடம் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்பதில்லை. அதையும் கையால்தான் கேட்டார்கள். வயசானால் முட்டி போகட்டும், கண் மங்கட்டும், அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். பேச்சுக்கு வெளியே தள்ளி உட்கார வைத்துவிட்டால் எனக்கு உயிரே போய்விடும். அதனால் பொத்திப் பொத்தி வைத்தேன்.

போனில் நாத்தனாரைப் பேச விடாமல் நானே பேசினேன். நான் பேசிக்கொண்டே இருந்தால் எதையும் கேட்க வேண்டாம் பாருங்கள். மாமாக் கடையில் என் விமர்சனம் கண்ணுக்குத் தெரிந்தவற்றைப் பற்றி மட்டும் ஆனது. அந்த அம்மாவுக்குக் கட்டிவிட்ட புடவை நன்றாக இல்லை. வீடு ஏழை வீடு, ஆனால் திரைச்சீலை புத்தம் புதுசு. படம் முழுக்க யாருமே சட்டையைத் துவைக்கவில்லை. இதற்கு மேல் ஏதாவது கேட்டால், "அதுல என்னா இருக்கு சொல்றதுக்கு, சப்புன்னு இருக்கு" என்று தே தாரேக்கில் வாயை வைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு இப்போதெல்லாம் எந்தப் படமும் பிடிப்பதில்லை என்று மகன் நினைத்துக்கொண்டான். பாவம், நல்ல படங்கள் எத்தனையோ என் வாயில் விழுந்து நாசமாய்ப் போயிருக்கும்.

என்னைக் காப்பாற்றியது சப்டைட்டில். இங்கே தமிழ்ப் படம் எல்லாவற்றுக்கும் கீழே மலாயில் எழுத்து ஓடும். பள்ளிக்கூட ஆபீஸில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், மலாய் எனக்குத் தண்ணி பட்ட பாடு. முன்பெல்லாம் அந்த எழுத்தைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. என் மருமகள் அம்பாங்கில் பிறந்த சீனப் பெண். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டு டிவியில் எழுத்து போட வேண்டியிருந்தது. "படம் பாக்கவா படிக்கவா உக்காந்திருக்கோம்" என்று நான் முணுமுணுப்பேன். தியேட்டரில் அவள் எழுத்தைப் படித்துவிட்டு, நடிகர் ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இப்போது அதே எழுத்துதான் எனக்குக் கதி. வீட்டில் அவளுக்காகப் போடுகிறார்கள், நான் கமுக்கமாகப் படித்துக்கொள்கிறேன். ஏதோ என் அதிர்ஷ்டம், மருமகளுக்கு இன்னும் தமிழ் வரவில்லை என்று நினைத்தேன். கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் போனோம். கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவனையே மாப்பிள்ளை என்று நினைத்துவிடுகிற கதை. நன்றாகத்தான் இருந்தது. ஓர் இடத்தில் எழுத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். தியேட்டரே அமைதியாக இருந்தது. நான் ஒருத்திதான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மருமகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் ஜோக் முடிந்து மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு அடுத்த தாமானுக்குக் கேட்கிற குரல். அதனால் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். சாப்பிட்டு முடித்துவிட்டு நானும் அவளும் மகனும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் போனில் ஏதோ ஒரு காமெடி வீடியோவை மகனுக்குக் காட்டினாள். எனக்கு அதில் கரகரவென்று சத்தம் மட்டும்தான். மருமகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்க்கில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் நாத்தனாரும் மகனும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அதே நேரத்தில் மருமகளின் தோளும் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. அவள் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த வீடியோவில் எழுத்து எதுவும் இல்லை.

இவளுக்கு எல்லாம் புரிகிறதே என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் தினமும் டிவியில் எழுத்து போடச் சொல்வது யாருக்காக என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மகன் எல்லோரையும் ஹாலுக்கு அழைத்துவிட்டான்.

புதுப் படம் ஒன்று போட்டான். அப்பனும் மகளும் பேசிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் இருக்கிற படம், நிறைய மெதுவான பேச்சு. ஆரம்பித்ததும் எழுத்தை எடுத்துவிட்டான். "இன்னிக்கு ஒனக்குப் பரீட்சை" என்று பெண்டாட்டியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். திரையில் இருவரும் வாயை அசைக்கிறார்கள், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கையில் இருந்த முறுக்கைக்கூடக் கடிக்கவில்லை.

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனிடம், "எழுத்து போடுங்க லா. எனக்கு ஃபாலோ பண்ண முடியல" என்று மலாயில் சொன்னாள்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள், எல்லாம் வாயில் வந்துவிடும். "இத்தன வருஷமா தமிழ் வீட்டுல சோறு திங்கிற, இன்னும் நாலு வார்த்த புரியலையா? மனசு இருந்தா வந்திருக்கும்மா" என்றாள். என் மகன் சிரித்து மழுப்பினான்.

மருமகளின் முகம் சிவந்துவிட்டது. எனக்குப் புரியும் அத்தை என்று நல்ல தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், நாத்தனார் வாயடைத்துப் போயிருப்பாள். ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கஷ்டம் லா அத்தை. ரொம்ப ஸ்பீடா பேசறாங்க" என்று மட்டும் மலாயில் சொன்னாள்.

எனக்காகத்தான் அந்தப் பேச்சை வாங்குகிறாள் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வந்தது ஆத்திரமா அழுகையா, இரண்டும்தான். இனிமேல் இதை ஒளித்து வைத்தால் நான் மனுஷியே இல்லை.

"அவள ஒண்ணும் சொல்லாத" என்று நாத்தனாரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எழுத்து அவளுக்கு இல்ல. எனக்கு. எனக்குக் காது சரியா கேக்கறதில்ல. ரொம்ப நாளாச்சு. அவளுக்கு ஒன்ன மாதிரியே தமிழ் புரியும்."

மகன் படத்தை நிறுத்திவிட்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பெற்று வளர்த்த பிள்ளை, ஒரே வீட்டில் இருக்கிறான், அவனுக்குத் தெரியவில்லை. நான் அவனைக் குறை சொல்லவில்லை. நான்தான் அவனுக்குத் தெரியாமல் அத்தனை கெட்டிக்காரத்தனமாக நடித்தேனே.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று மருமகளிடம் கேட்டேன்.

அவள் எனக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, மெதுவாகத் தமிழில் சொன்னாள். "அந்தப் பந்தல்காரன் படத்துல நீங்க முன்னாடியே சிரிச்சீங்க. நான் வந்த புதுசுல அப்படித்தான் சிரிப்பேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, ரொம்ப மாலு. அதான் நானும் கூடச் சிரிச்சேன், நீங்க தனியா சிரிக்கக் கூடாதுன்னு."

மாலு என்றால் வெட்கம். இந்த வீட்டில் அவள் எத்தனை முறை அப்படிச் சிரித்துவிட்டுத் தனியாக வெட்கப்பட்டிருப்பாள், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நான் ஒருமுறைகூட அவளோடு சேர்ந்து சிரித்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்று சொன்னேன். எங்கள் குடும்பத்தில் வீட்டு ஆட்களிடம் யாரும் அப்படி வாயால் சொல்வதில்லை. நான் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். எனக்கு மகள் இல்லை என்று ஒரு காலத்தில் எல்லோரிடமும் புலம்பித் திரிந்தவள் நான், அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

மகன் எழுத்தைப் போட்டுவிட்டு, படத்தை முதலிலிருந்து ஓட விட்டான். நான் நாத்தனாரைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்னிடம் படம் எப்படி என்று யார் கேட்பார்கள், இந்த நிமிஷத்திலிருந்து நானும் அந்தக் கல்யாண வீட்டு மாமாதான் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் மருமகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. மருமகள் பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு நாத்தனார் என் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினாள்.

"எந்தக் காது நல்லா கேக்கும் அண்ணி?"

"வலது கொஞ்சம் பரவால்ல" என்றேன்.

அவள் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, என் மகனை நகரச் சொல்லிவிட்டு, எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அந்த அப்பன்காரனைக் காட்டி, "இவன் மூஞ்சே சரியில்ல, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.