ஆடியைத் திறந்த நாள்காட்டி

துளசிராம் ஆசீர்வாதத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன் நாற்பதாயிரம் ரூபாய். திருமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் போட வாங்கியது. ஆளுக்கொரு செல்போன் வந்ததும் சென்டர் போய்விட்டது. கடன் அப்படியே நின்றது.

ஆனால் அந்தச் சென்டரில் உட்கார்ந்துதான் எட்டாம் வகுப்புத் தேறாத துளசிராம், எழுத்துக்கூட்டிப் படித்தே வெப்சைட் செய்யக் கற்றார். சும்மா சொல்லக் கூடாது, பட்டம் வாங்கியவன்கூட அவரிடம் சந்தேகம் கேட்பான்.

கோச்சடை மஹால் என்ற கல்யாண மண்டபத்துக்கு அவர் செய்த நாள்காட்டி ஒன்று போதும் அவர் பெயர் சொல்ல. எந்தத் தேதி காலி, வாடகை எவ்வளவு என்று காட்டி, முன்பணத்தையும் வாங்கிப் போட்டுக்கொள்ளும். மற்ற மண்டபக்காரர்களும் கேட்டார்கள். ஆளுக்கொன்று புதிதாக எழுத அவருக்கென்ன பைத்தியமா? அதே நாள்காட்டியை அலுங்காமல் கழற்றி விட்ஜெட்டாகக் கட்டினார். இரண்டே வரி நிரல். எவருடைய வெப்சைட்டில் ஒட்டினாலும் வந்து உட்காரும். அங்கிருக்கும் நிறத்தையும் எழுத்தையும் கலைக்காது. மாதம் ஐந்நூறு ரூபாய்.

சமயநல்லூரில் மண்டபம் வைத்திருந்த ஆசீர்வாதமும் கேட்டார்.

"எட்டாங்கிளாஸ் இன்ஜினியரே, எனக்கும் ஒன்னு ஒட்டு. காசைக் கடன்ல கழிச்சுக்குவோம்."

"அது வேற, இது வேறண்ணே. கடனை உங்க கையில எண்ணி வைப்பேன்."

ஜூன் மாதம் ஆசீர்வாதத்திடமிருந்து போன் வந்தது.

"ஏம்ப்பா துளசி, என் மண்டபத்துக்கு நீயே பூட்டுப் போட்டுட்டியா? எங்க சர்ச்சுல ரூத்துன்னு ஒரு பொண்ணு, அது கல்யாணத்துக்கு ஜூலை இருபத்தஞ்சு கேட்டாக. ஆடி பூராம் விடுமுறைங்குது உன் பொட்டி! வேதக்காரங்களுக்கு ஏதுய்யா ஆடி? நாங்க கல்யாணமே வைக்காத தவக்காலத்துல மட்டும் வாங்க வாங்கன்னு திறந்து கெடக்கு!"

துளசிராமுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆடியிலும் மார்கழியிலும் எவன் கல்யாணம் வைப்பான் என்று நாள்காட்டிக்குள்ளேயே அடைத்து வைத்தவர் அவர்தான். கோச்சடையில் அது சரி. சமயநல்லூரில் பிழைப்பையே கெடுத்தது. இந்தப் பேச்சு பரவினால் ஒட்டிய ஒன்பது மண்டபமும் பிய்த்து எறிந்துவிடும். அப்புறம் கடன் எங்கே அடைவது?

"மத்தியானத்துக்குள்ள சரியாயிரும்ண்ணே," என்றார்.

சொன்னபடி முடித்தார். மூடும் மாதங்களை நாள்காட்டியின் வயிற்றிலிருந்து உருவி வெளியே எடுத்தார். எந்த மாதம் மூட வேண்டும் என்பதை அந்தந்த மண்டபக்காரரே ஒட்டுகிற வரியில் சொல்லிவிடலாம். சமயநல்லூரில் ஆடி திறந்தது, தவக்காலம் மூடியது. கோச்சடையில் ஒரு தேதியும் அசையவில்லை. சாயங்காலம் ரூத் வீட்டு முன்பணம் வந்து விழுந்தது.

அதைப் பார்த்த இஸ்லாமிய மண்டபக்காரர் ஒருவர், ரமலான் மாதத்தை மூடித் தரச் சொல்லி வாங்கினார். அடுத்த தை பிறக்கும்போது இருபத்திரண்டு மண்டபம். மனிதரைப் பிடிக்க முடியவில்லை.

ஒருநாள் காலை துளசிராம் சமயநல்லூருக்குப் போய் இறங்கினார்.

"போன்லயே அனுப்பியிருக்கலாம்ல?" என்றார் ஆசீர்வாதம்.

"எண்ணி வைக்கிறேன்னு சொன்னேன்ல? கையை நீட்டுங்கண்ணே."

ஆசீர்வாதம் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, எண்பதாவது தாளையும் அதில் வைத்தார் துளசிராம்.