ஈஸ்டர் காலையில் திறந்து கிடந்த குழி

சில வருஷங்களுக்கு முன், செம்பூரில் ஓர் ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலையில் நடந்தது இது. ஈஸ்டருக்கு இருட்டோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஆராதனைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். திருநெல்வேலியை விட்டு வடக்கே இந்தப் பெருநகரத்துக்கு வந்தும் அம்மா அதை விடவில்லை. அப்பாவும் இங்கேதான் அடக்கம்.

எனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து க்ளெய்ம் விசாரிக்கும் வேலை. சாட்சிகளை நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தி வீட்டிலும் போகாது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? கல்லறைக்குப் போன பெண்கள் கண்டது ஒரு தூதன் என்று பைபிளில் ஓரிடத்தில் இருக்கிறது, இரண்டு பேர் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. இந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தால் தள்ளுபடிதான் என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்று அம்மா, சித்தி, நான் மூவரும் போனோம். டிராம்பே பக்கம் ரிஃபைனரி நெருப்பில் வானம் சிவந்திருந்தது. எப்போதும் விரட்டி வரும் நாய்கள்கூடச் சத்தம் காட்டவில்லை. அப்பாவின் பெயர் வெட்டிய கல் ஓரமாகச் சாய்ந்து நின்றது. குழி திறந்து கிடந்தது. மெழுகுவத்தியை நீட்டிப் பார்த்தேன், ஈர மண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

நிமிர்ந்தபோது, குழிக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பில் ஓர் ஆள். கண்ணை மூடித் திறப்பதற்குள் காணோம். நானும் சித்தியும் பின்வாங்கினோம். அம்மா மட்டும் நகரவில்லை.

“உங்கப்பாவ யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவட்டி. எங்க கொண்டு வச்சாவளோ,” என்றாள்.

அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தோம். அண்ணன் விசாரித்தான். ஆள் உட்கார்ந்திருந்தார் என்றாள் அம்மா. நின்றார் என்றேன் நான். சித்தி இரண்டு பேர் என்று சாதித்தாள். வேறு கல்லறைக்குப் போயிருப்பீர்கள், பயத்தில் எதையோ பார்த்திருப்பீர்கள் என்றான். எல்லாம் நான் கேட்கும் கேள்விகள்தான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“மூணு பேரும் ஒண்ணுபோல சொன்னாத்தாம்ல சந்தேகப்படணும்! அது சொல்லிக்கொடுத்த சாட்சி,” என்று கத்தினேன். கத்தியதும், நான் சிரித்துத் தள்ளிய அந்த ஒரு தூதனும் இரண்டு பேரும் நினைவுக்கு வர, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அண்ணனோடு கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் போய்க் கேட்டோம். இந்த ஊரில் கல்லறைக்கும் தவணை உண்டு; சில வருஷம் கழித்துப் புதுப்பிக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். தவணை முடிந்ததைச் சொல்லும் கடிதம், நாங்கள் முன்பு குடியிருந்த கோவண்டி வீட்டுக்குப் போயிருக்கிறது. அடுத்தவரை அடக்கம் பண்ண முந்தின நாளே குழியைத் திறந்து, அப்பாவின் எலும்புகளைச் சுவர் மாடத்தில் வைத்திருந்தார்கள். அம்மா அந்த மாடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். வெள்ளை உடுப்புக்காரரைப் பற்றிக் காவலாளியிடம் கேட்டேன். “ஆப் லோக் கே சிவா கோயி நஹி தா,” என்றார். எங்களைத் தவிர யாருமே இல்லையாம்.

திறந்த குழியைப் பார்த்தபோது, அப்பா எழுந்துவிட்டார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. முதல் ஈஸ்டரில் இயேசுவின் கல்லறை வாசலில் அழுதவளும் முதலில் அதைத்தானே சொன்னாள்? அப்படி அழுதவள், அதற்குப் பிறகு எதைப் பார்த்துவிட்டு, அவர் எழுந்துவிட்டார் என்று சீடர்களிடம் சொல்ல ஓடினாள்? காலிக் குழி மட்டும் அதைச் செய்யாது, எனக்குத் தெரியும். அந்த ஃபைலை நான் இன்னும் மூடவில்லை; ஈஸ்டர்தோறும் அம்மாவோடு அந்த மாடத்தின் முன் நிற்கும்போது, பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும், திரும்பிப் பார்க்கத்தான் தைரியம் வருவதில்லை.