எட்டாவது குண்டு

எங்கள் நீர்மின் நிலையத்தில் ஆயுத அறையின் சாவி இருபத்திரண்டு வருடமாக என் இடுப்பில்தான் தொங்குகிறது. கையெழுத்து இல்லாமல் மேலதிகாரியே வந்து நின்றாலும் ஒரு துப்பாக்கிகூட வெளியே போகாது. இதனால் எனக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுக்க நான் என்ன பலூனா விற்கிறேன்?

ஆனால் நான் சொல்ல வந்தது டவரம்மாவைப் பற்றி. அணையின் கிழக்கு ஓரத்தில் ஒரு காவல் கோபுரம் இருக்கிறது. நாற்பத்தெட்டுப் படி. அதில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் ஒரே பெண் அவர். பதினோரு வருடமாக நிற்கிறார். அதற்கு முன் இதே நிலையத்தின் கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். காவல் பிரிவுக்குப் பெண்கள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டிய அன்று, ஈரக்கையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் விண்ணப்பம் வாங்க வந்தார். அந்தத் தாளில் இன்னும் தண்ணீர்க் கறை இருக்கிறது, கோப்பில் நானே பார்த்திருக்கிறேன்.

கோபுரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கேன்டீன்ல என் பேரு 'ஏய்'தாண்ணா. ஏய், தட்டு எங்கே. ஏய், தண்ணி எங்கே. டவர்ல ஏறின நாள்ல இருந்து ஒருத்தரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை."

அந்தக் கோபுரத்துக்குத்தான் இந்த வருடம் ஆபத்து வந்தது. துப்பாக்கிக் காவலர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை சுடும் தேர்வில் தேற வேண்டும். நூறு மீட்டர், பத்து குண்டு, ஒரு குண்டுக்கு ஐந்து மார்க் வரை, ஐம்பதுக்கு முப்பத்தைந்து எடுக்க வேண்டும். டவரம்மா போன வருடமே தட்டுத் தடுமாறித்தான் தேறினார். இந்த வருடம் இருபத்தொன்பது. ஆறு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வாசலில் நுழைவுச் சீட்டு எழுதும் மேசைக்குப் போக வேண்டியதுதான். மூக்கில் புதிதாகக் கண்ணாடி ஏறியிருந்ததால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். கண் போய்விட்டது, அவ்வளவுதான். நானும் அதையேதான் சொன்னேன், பொய் சொல்வானேன்.

இருபத்தொன்பது வாங்கிய அந்தத் தேர்வில் என் கையால் ஒரு பிழை நடந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் குண்டு நிரப்பச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் டம்மி குண்டுகள் உண்டு. உள்ளே மருந்து இருக்காது, அடையாளத்துக்குச் சிவப்புப் பட்டை இருக்கும். ஒன்றில் பட்டை தேய்ந்துபோயிருந்தது. அதை நல்ல குண்டு என்று நினைத்து டவரம்மாவின் மேகசினில் போட்டுவிட்டேன். நல்லவேளை இப்படி. டம்மிப் பெட்டிக்குள் நல்ல குண்டு போயிருந்தால் நான் இப்போது நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான்காவது முறை அவர் ட்ரிகரை அழுத்தியபோது வெடிக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் முனை விருட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. பக்கத்து இடத்தில் சுட்டுக்கொண்டிருந்த மீசை விழுந்து விழுந்து சிரித்தான். மீசை என்றால் பிரதான வாசல் காவலன், ஊருக்கே கேட்கும் குரல், குரலைவிடப் பெரிய மீசை.

"என்னக்கா, துப்பாக்கி வணக்கம் வைக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். டவரம்மா மட்டும் அந்த முனையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு குண்டு கொடுத்தேன், சுட்டு முடித்தார். பழுதான குண்டு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள், டம்மி என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணா, கண்ணு இல்லைண்ணா. தோளு."

"என்னம்மா சொல்றே?"

"வெடிக்கிறதுக்கு முன்னாடியே என் தோள் பயந்து முன்னால தள்ளுது. நிஜக் குண்டு வெடிச்சா அந்த ஆட்டத்துல எதுவும் தெரியாது. நேத்து வெடிக்கலை, அதனால கண்ணால பார்த்துட்டேன். தினமும் வேலை முடிஞ்சதும் அரைமணி நேரம் காலித் துப்பாக்கியை வச்சு அழுத்திப் பழகணும். குண்டு வேண்டாம், துப்பாக்கி மட்டும் குடுங்க."

துப்பாக்கி வெளியே இருந்தால் அறையில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆள் என்றால் நான்தான். மாலை ஐந்து மணி என்பது என் டீ நேரம், அதில் கைவைத்தால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை. டம்மி குண்டு விஷயத்தை ஒரு வார்த்தை மேலே சொல்லியிருந்தால் என் சாவிக்கொத்துக்கே ஆபத்து. அவர் அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. டீயை அறைக்கே வரவழைத்துக்கொண்டேன்.

முதலில் குண்டுகள் எல்லாம் இரும்பு அலமாரிக்குள் போய்ப் பூட்டப்படும். பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, உள்ளே காலிதான் என்று அவரும் பார்ப்பார், நானும் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் தரையில் படுப்பார். சுவரில் குறி என்ன தெரியுமா? ஒரு சட்டைப் பொத்தான். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கறுப்பு வட்டம், ஐந்து மீட்டரில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று மனுஷன் டேப்பை வைத்துக் கணக்குப் போட்டு, சரியாக ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புப் பொத்தானைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். கூடவே இன்னொரு பொத்தான், பெரிய கோட்டுப் பொத்தான். அது துப்பாக்கி முனைக்குப் பக்கத்தில் குழல்மேல் உட்காரும். ட்ரிகர் டிக் என்னும்போது அது விழக்கூடாது.

முதல் நாள் முப்பது தடவை அழுத்தினார், இருபத்தெட்டுத் தடவை விழுந்தது. பெரும்பாலும் மேசைக்கு அடியில்தான் போய் ஒளியும். அவர் படுத்த இடத்தைவிட்டு அசையக்கூடாதாம், ஆகவே தேடுவது என் வேலை. ஒரே வாரத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு டிக்குக்கும், அந்த நொடியில் துப்பாக்கி முனையில் இருக்கும் முன்குறி எங்கே நின்றது என்று வாய்விட்டுச் சொல்வார். "நடு." "கொஞ்சம் மேல." "இடது." அதை ஒரு நோட்டில் நான் எழுத வேண்டும்.

"ஏம்மா, குண்டும் இல்லை, ஓட்டையும் இல்லை. நீ சொல்றது சரியான்னு யார் பார்க்கிறது?"

"நான்தான்."

"நீ பொய் சொன்னா?"

"யாருக்குண்ணா சொல்லப் போறேன்? சுவருக்கா?"

சொன்னபடியே செய்தார். இருபது "நடு" வரிசையாக வந்து, இருபத்தொன்றாவது மயிரிழை நகர்ந்தாலும் "வலது" என்றுதான் சொல்வார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், பொத்தான் ஆடியிருக்கவே இருக்காது, ஆனாலும் "வலது" என்பார். எனக்கே எரிச்சலாக இருக்கும். நடு என்று போட்டுக்கொண்டால் குடியா முழுகிவிடும்? நான்காவது வாரம் பொத்தான் விழுவது அபூர்வமாகிவிட்டது. ஆறாவது வாரம் ஒருநாள் நாற்பது டிக், ஒருமுறைகூட விழவில்லை. அன்று டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். சிடுமூஞ்சி டீ கொடுத்தார் என்று நிலையம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வு அதிகாரி வந்திருந்தார், கண்டிப்பான, அதிகம் பேசாத மனிதர். டவரம்மாவுக்குப் பக்கத்து இடத்தில் மீசை. அவன் முதல் தேர்வு அன்று வேறு வேலையாகப் பாதியில் போனவன், இப்போதுதான் முடிக்கிறான். நான் குண்டுப் பெட்டியோடு டவரம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் அவர் வாய் தானாக முணுமுணுத்தது. என் கையும் பழக்கத்தில் தானாக நோட்டை எடுத்து எழுதியது. நடு. கீழே கொஞ்சம். வலது. ஏழு குண்டு நன்றாகப் போனது.

எட்டாவதை அவர் அழுத்துகிற அதே நேரத்தில் பக்கத்தில் மீசையின் துப்பாக்கி வெடித்தது. டவரம்மாவின் தோள் துள்ளியதை நான் பார்த்தேன்.

"கீழே, வலது," என்றார். பிறகு மெல்ல, "அட்டையிலயே இல்லை."

எழுதினேன்.

குறி அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அதிகாரி டவரம்மாவின் அட்டையில் பென்சிலை வைத்து எண்ணினார். பத்து ஓட்டை, முப்பத்தாறு. "தேறிட்டீங்க," என்று கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தார்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நோட்டை மூடிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக எல்லாரிடமும் விதி பேசிய நான், கண்ணைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஐயா," என்றார் டவரம்மா. "இதுல ஒரு ஓட்டை என்னுது இல்லை."

பேனா நின்றது.

"எது?"

"மேல இடது பக்கம் இருக்கிற இந்த நாலு மார்க் ஓட்டை. நான் இன்னிக்கு மேல இடதுல ஒண்ணுகூட விடலை. என் எட்டாவது கீழ வலதுல வெளிய போச்சு."

அதிகாரி பக்கத்து அட்டையை வாங்கிப் பார்த்தார். மீசையின் அட்டையில் ஒன்பது ஓட்டைதான் இருந்தது. மீசை நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஒரே ஓட்டையில ரெண்டு குண்டு போயிருக்கும் ஐயா. எனக்கு அடிக்கடி அப்படி ஆகும்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி டவரம்மாவைப் பார்த்தார்.

"அந்த நாலை எடுத்துட்டா முப்பத்திரண்டு. தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் ஐயா. அண்ணா நோட்டுல எழுதியிருக்காரு, கேட்டுப் பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் டவரம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கையில் வந்த கோபுரத்தைத் தானே தூக்கி எறிகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி பத்து வரியையும் அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிறகு ஆளை அனுப்பி, அட்டை மாட்டியிருந்த மரச்சட்டத்தைப் பார்க்கச் சொன்னார். வலது காலில், கீழே, புதுச் சிராய்ப்போடு ஒரு ஓட்டை இருந்தது. அவர் சொன்ன இடம்தான்.

"அட்டை மாறிச் சுட்டிருந்தா ரெண்டு பேரும் திரும்பச் சுடணும், அதுதான் விதி," என்றார் அதிகாரி. விதி என்ற சொல் இவ்வளவு இனிமையாக என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

டவரம்மா மறுபடி படுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பத்து குண்டு. இந்த முறை நான் எழுதவில்லை, அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையைக் கொண்டுவர ஆள் கிளம்பியபோது அதிகாரி அவனை நிறுத்தினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. எவ்வளவு?"

டவரம்மா விரல்விட்டுக் கூட்டினார். "நாப்பத்தொண்ணு ஐயா."

அட்டை வந்தது. நாற்பத்திரண்டு. வட்டத்தின் கோட்டைத் தொட்டு நின்ற ஒன்றை அவர் குறைத்துச் சொல்லியிருந்தார். அதிகாரி அட்டையை என்னிடம் நீட்டி, "இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை," என்றார். ஒன்று தப்பாகச் சொன்னதற்குத் திட்டலாம் என்று வாயெடுத்தவன் மூக்கை உறிஞ்சினேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. என் மகள் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் இப்படி மூக்கை உறிஞ்சவில்லை. மீசையும் முப்பத்தெட்டு வாங்கித் தேறினான், ஆனால் அன்று முழுக்க அவன் குரல் வெளியே வரவில்லை.

மறுநாள் ஐந்து மணி. டீ சூடாக வந்திருந்தது, நிம்மதியாக ஒரு வாய் குடித்தேன். ஜன்னலில் டவரம்மா.

"துப்பாக்கி குடுங்கண்ணா."

"அதான் தேறியாச்சே, இன்னும் என்ன?"

"எட்டாவது ஏன் துள்ளுச்சுன்னு பார்க்கணும். பக்கத்துல வெடிச்சா என் தோளுக்கு இன்னும் பயம் இருக்கு. நான் அழுத்தறப்ப யாராவது திடீர்னு சத்தம் போடணும். அதுக்கு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பின்னால் மீசை நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் தகர டப்பா மூடி, மறுகையில் கரண்டி. என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா கூப்பிட்டாங்க," என்றான்.

குண்டுகளை உள்ளே வைத்துப் பூட்டினேன். போல்ட்டைத் திறந்து மூன்று பேரும் பார்த்தோம். டவரம்மா படுத்தார், குழல்மேல் கோட்டுப் பொத்தானை வைத்தேன். மீசை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான், பிறகு மூடியில் ஓங்கி ஒரு போடு போட்டான்.

நான் துள்ளிய துள்ளலில் டீ முழுதும் ரிஜிஸ்டர்மேல் கொட்டியது. டிக் என்றது துப்பாக்கி. பொத்தான் விழவில்லை.

"நடு," என்றார் டவரம்மா. "எழுதுங்கண்ணா."