முதலாளியின் தலைமுடி

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை பார்த்தபோது, நானும் என் தோழியும் ஒரே தாளை மடித்து எட்டுப் பக்கப் புத்தகம் செய்வோம். வீணாய்ப் போன ரப்பர் ஷீட்டில் படம் செதுக்கி, மை தடவி அச்செடுப்போம். முதல் இதழ் கேன்டீன் சாம்பாரைப் பற்றியது. கம்பெனி பஸ்ஸில் கைமாறிக் கைமாறி அது எச்.ஆர். அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது.

திட்டுவார் என்று போனால், "இன்னா டேலன்ட்மா!" என்று பல்லைக் காட்டினார். சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதுகாப்பு வாரச் சிறப்பு மலருக்கு முதலாளி படத்தைச் செதுக்கித் தரச் சொன்னார். உள்ளபடியே செதுக்கிக் கொடுத்தோம். பார்த்ததும் அதிகாரிக்கு முகம் வெளிறிவிட்டது.

"தலையில கொஞ்சம் முடி வைம்மா."

"செதுக்கி எடுத்த எடத்துல மை ஒட்டாது சார். இனிமே முடி வராது" என்றேன்.

"அவருக்கே வராதது எங்களுக்கு எப்டி சார் வரும்?" என்றாள் தோழி.

கடைசியில் முதலாளி படத்தை மீஞ்சூரில் ஃப்ளெக்ஸ் அடித்து கம்பெனி கேட்டில் கட்டினார்கள். நெற்றியே தெரியாத அளவுக்கு முடி. அதன் கீழேயே முதலாளி, வழுக்கை வெயிலில் மின்ன, கொஞ்சமும் கூச்சமில்லாமல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். முதலில் கை தட்டியது எச்.ஆர். அதிகாரிதான். இரண்டாவது இதழுக்கு நாங்கள் அந்தக் கைதட்டலைத்தான் செதுக்கினோம்.